கும்பிடக் கூடாத கை

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருவரைக் கும்பிடாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது தோள்பட்டை கிழிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கோயமுத்தூரில் ‘வாங்க’ என்ற சொல்லும் இரண்டு கைகளும் சேர்ந்தே வேலை செய்யும். வாய் திறந்தால் கை தானாக எழுந்துவிடும். வீட்டுக்கு ஒருவர் வந்தால் வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்லியாக வேண்டும். யாராவது விட்டுவிட்டால் வந்தவர்கள் அன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். பல வருடம் கழித்து ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே, அந்தக் குறை வெளியே வரும். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாக்கப்பட்டவள் நான். என் கை எத்தனை பேரைக் கும்பிட்டிருக்கும் என்று கணக்கு டீச்சரான என்னாலேயே சொல்ல முடியாது.

பீளமேட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பை எடுத்தால் அடுத்த வருடம் அதே பிள்ளைகளோடு பத்தாம் வகுப்புக்கும் போவது என் வழக்கம். வேறு யாரையும் அந்தப் பத்தாம் வகுப்புப் பக்கம் நான் விட்டதில்லை. திமிர் என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதக் காலை. அந்த வருடம் எனக்கு ஒன்பதாம் வகுப்பு. டவுன் பஸ்ஸில் வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இடது கையில் குடை, பை, சாப்பாட்டுத் தூக்கு. ஒரு மொபெட் குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றது, நான் நிற்கவில்லை, என் கை மட்டும் கம்பியோடு நின்றது. தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். அவரோ, “பாத்து நில்லுங்க அம்மணி, என்ற காலை மிதிச்சுப்போட்டீங்க” என்றார்.

வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது வாய்வு. நம் ஊரில் தலைவலிக்கும் வாய்வு, முழங்கால் வலிக்கும் வாய்வு. நான் பூண்டு தின்றேன். எண்ணெய் தேய்த்தேன். சுளுக்கு வழிக்கப் போய் அலறிக்கொண்டு திரும்பினேன். வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் கை மார்புக்கு மேலே போக மறுத்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி மேலே வைத்தால், விட்டவுடன் பொத்தென்று விழும்.

கணக்கு டீச்சருக்குக் கை மேலே போகவில்லை என்றால் கரும்பலகையில் மேல்பாதி போய்விட்டது என்று பொருள். எனக்கு உயரமும் கம்மி. பலகையின் கீழ்ப்பாதியில் குனிந்து குனிந்து எழுதினேன். முன்பெஞ்சுத் தலைகள் அதை மறைத்தன. “டீச்சர், தெரியலீங்க” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். எழுதியதை அழித்துப் பெரிதாக எழுதினால் ஒரு கணக்குக்கே பலகை போதாது. மறுபடியும் “தெரியலீங்க”. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொன்னால் கழித்தல் குறியை எல்லாம் முழுங்கிவிட்டு எழுதும்.

என் வீட்டுக்காரர் பம்புசெட்டுப் பட்டறை வைத்திருந்தார். உலகத்தில் வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாதது எதுவுமில்லை என்பது அவர் கட்சி. ஒரே நாளில் எனக்கு இரும்பு ஸ்டூல் ஒன்று செய்து கொண்டுவந்தார், பம்புக்கு அடிக்கிற பச்சை பெயிண்டோடு. அதில் ஏறி நின்றால் பலகையின் உச்சிகூட என் மார்புக்கு நேரே வந்தது. எழுதவும் முடிந்தது. என்ன, இப்போது முழுப்பலகையையும் என் முதுகே மறைத்தது. ஒவ்வொரு வரிக்கும் ஏறி, இறங்கி, ஸ்டூலை நகர்த்தி, மறுபடியும் ஏறினேன். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்தார்கள். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் பேசினார். “கோவிச்சுக்காதீங்க டீச்சர். வர்ற ஜூனுக்குள்ள கை வந்துட்டா பத்தாவது உங்களுதுதானுங்க. வரலைன்னா வேற டீச்சருக்குக் குடுத்துப்போடலாம். உங்களுக்கு லைப்ரரி, நீதிபோதனைன்னு லேசா ஏதாச்சும் பாத்துக்கலாமுங்க.”

நீதிபோதனை! எனக்கிருந்த கோபத்துக்கு அந்தப் பீரியடை நடத்தினால் பிள்ளைகள் நேராக ஜெயிலுக்குத்தான் போவார்கள். அந்த வாரமே எலும்பு டாக்டரிடம் போனோம்.

டாக்டரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். என் கையை இப்படியும் அப்படியும் தூக்கிப் பார்த்துவிட்டு, தோள் மூட்டுக்குள் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மூட்டுக்குள்ளேயே நிற்க வேண்டிய மருந்து படத்தில் மேலே வழிந்து கிடந்தது.

“டீச்சர், தோளுக்குள்ள நாலு தசைநாரு, சட்டைக்குக் கை வெச்சுத் தெச்ச மாதிரி எலும்பைச் சுத்திப் புடிச்சிருக்கணுமுங்க. உங்களுக்கு அதுல ரெண்டு அத்துக்கிட்டு உள்ளாற போயிருச்சு. கிழிசல் பெருசு. மாசக்கணக்காச்சா, சுருங்கியும் போயிருக்குமுங்க.”

“ஏனுங்க டாக்டர், அந்த நாரைப் புதுசா மாத்திப்போட முடியாதுங்களா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஒரிஜினல் பார்ட்டு கடையில கெடைக்காதுங்க” என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “தொறந்து பாத்தாத்தான் அந்த நாரு வருதா இல்லையான்னு தெரியும். வலுக்கட்டாயமா இழுத்தா இன்னும் கிழிஞ்சுபோடும். வாங்க வாங்கன்னு மரியாதையாக் கூப்பிட்டுத்தான் கொண்டாரோணும். வந்துச்சுன்னா எலும்புல சின்னச் சின்னதாத் தொளை போட்டு, கெட்டி நூலு கோத்துத் தெச்சுப்போடலாம். வரலைன்னா வலி மட்டும் கொறையும். கை மேல போறது கஷ்டமுங்க.”

அரையாண்டு விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து நான் கேட்ட முதல் கேள்வி, “வந்துச்சுங்களா?” என்பது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். “வந்துச்சுங்க. ரொம்ப பிகு பண்ணிக்கிட்டுத்தான் வந்துச்சு.”

என் வலது கை ஒரு பஞ்சு மெத்தைத் துண்டின்மேல், உடம்பை விட்டு விலகி, இடுப்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஆறு வாரத்துக்குக் கையை நானாகத் தூக்கவே கூடாது. மற்றவர்கள் தூக்கிவிடலாம், நான் தூக்கக் கூடாது. எழுதக் கூடாதா, சமைக்கக் கூடாதா, தலைவாரக் கூடாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டாக்டர் கையை அசைத்து நிறுத்தினார்.

“அதெல்லாம் யாரும் பண்ண மாட்டாங்க டீச்சர். வலிக்குமில்ல? எனக்குப் பயமெல்லாம் ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஆரு வந்தாலும் கும்பிட்டுப்போடாதீங்க.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முந்தின வருடம் மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவருக்கு இதே ஆபரேஷன் செய்தாராம். மறுநாள் காலை இவர் வார்டுக்குள் நுழைந்ததும் அந்த மனிதர் படுக்கையிலிருந்து எழுந்து, “வாங்க டாக்டர்!” என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். “என்னையக் கும்பிட்டே நான் போட்ட தையலைப் பிச்சுப்போட்டாருங்க” என்றார். அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே நின்று “கும்பிடாதீங்க!” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் இவர் உள்ளே வருவார். புது நர்சுகள் பயந்துபோவார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் வேலையில் இறங்கிவிட்டார். ஒரு தகரத்தை வெட்டி, அதே பச்சை பெயிண்டில் ‘கும்பிட வேண்டாம்’ என்று எழுதி வாசல் கதவில் மாட்டினார். மறுநாள் காலை பால்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏனுங்க, சாமியில்லைங்கற கட்சியில சேந்துபோட்டீங்களா?” அடுத்த தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்து, இந்த வயதில் கொள்கை மாறியதைப் பாராட்டிவிட்டே போனார். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் ‘டீச்சருக்குத் தோள் ஆபரேஷன்’ என்ற வரியைக் கீழே சேர்த்தார்.

தகரப் பலகை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கதவு சாத்தியிருக்கிறவரை.

எங்கள் மகளை முந்தின வருடம் காங்கேயத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில்காரர் வீட்டில் கொடுத்திருந்தோம். ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் சம்பந்தியம்மாவும் அவர் வீட்டுக்காரரும் என்னைப் பார்க்க வந்தார்கள். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தோம். பலகை சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தது. நான் ஹாலில் சாய்வு நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே சம்பந்தியம்மா, பட்டுச்சேலையும் எண்ணெய் டின்னுமாக. டின்னைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்க!” என்றேன். கட்டையும் மீறிக் கை எழுந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து ஒரே பாய்ச்சலில் வந்து என்னை மெத்தையோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் என் விரலைக்கூடத் தொடாத மனிதர். சம்பந்தி ஐயா அவசரமாகத் திரும்பிச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த மாதத்து முகூர்த்த நாள் முழுவதையும் அவர் படித்து முடித்திருப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோளுக்குள் ‘டக்’கென்று ஏதோ ஒன்று சொன்னது. வலி கழுத்துவரை ஏறியது. போச்சு, கரும்பலகையும் போச்சு, பத்தாம் வகுப்பும் போச்சு என்று நினைத்துச் சம்பந்தி வீட்டார் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். விஷயம் தெரிந்ததும் சம்பந்தியம்மா வெலவெலத்துப் போனார். “அட சாமி! என்னையக் கும்பிடப் போயிங்களா இப்படி ஆச்சு? நீங்க கும்பிடலைன்னு நானென்ன கோவிச்சுக்கவா போறேன்?” என்றார். கோவித்துக்கொள்வார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனால் அதை அந்த நேரத்தில் பேச முடியுமா?

மறுநாள் டாக்டர் தோளை அழுத்தியும் திருப்பியும் பார்த்தார். “சொல்ல முடியாதுங்க டீச்சர். தையல் புடிச்சிருந்தா ஆறு வாரம் முடிஞ்சு கை தன்னால ஏறும். பிஞ்சிருந்தா ஏறாது. அதுவரைக்கும் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை வாசலிலேயே நின்று, இரண்டு பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மில் முதலாளியும் அவர் சம்சாரமும் பள்ளிக்கூடத்து டிரில் பீரியடுக்கு வந்த மாதிரி இருந்தது. “வாங்க” என்றேன். எதிரே கும்பிடுகிற கை இல்லாததால் என் கையும் சும்மா இருந்தது. இவ்வளவு சுலபமான வைத்தியத்தை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள், கையை மட்டும் முன்னால் எடுக்கவே இல்லை.

பிசியோதெரபிக்குப் பாலக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து என் கையை அவளே தூக்கி, அவளே இறக்குவாள். நான் ஒன்றும் செய்யக் கூடாது. எனக்கு அது வலியைவிடக் கொடுமையாக இருந்தது. பிறந்ததிலிருந்து யாரையும் என் வேலையைச் செய்ய விட்டவள் இல்லை நான்.

“டீச்சர், நீங்க தூக்க வேண்டா. சும்மா இருந்தா மதி” என்பாள். மதி என்றால் அவர்கள் பக்கம் போதும் என்று அர்த்தமாம். அது தெரியாமல், சும்மா இருக்கக்கூட எனக்கு மதி இல்லை என்கிறாளோ என்று முதல் இரண்டு நாள் அவளை முறைத்துக்கொண்டே கிடந்தேன்.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் மெத்தையைக் கழற்றினார். என் கை பக்கத்து வீட்டுக்காரர் கை மாதிரி ஒட்டுதல் இல்லாமல் தொங்கியது. டாக்டர் எழுந்து என் எதிரே வந்து நின்று கையைக் கூப்பினார்.

“எங்க, எனக்கொரு கும்பிடு போடுங்க டீச்சர். சமவயசுக் கும்பிடு போதும்.”

எங்கள் ஊரில் மரியாதை ஏற ஏறக் கையும் மேலே ஏறும். நம் வயதுக்காரருக்கு மார்புக்கு நேரே. பெரியவர்களுக்கு முகத்துக்கு நேரே. சாமிக்குத் தலைக்கு மேலே. டாக்டர் அதைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார். வருடக்கணக்காகக் கோணம் நடத்திய எனக்குக்கூட டிகிரியில் சொல்வதைவிட இப்படிச் சொன்னதுதான் சட்டென்று விளங்கியது.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கையைத் தூக்கினேன். அது மெல்ல ஏறியது. பாதியில் நின்றது, மறுபடி கிளம்பியது. மார்புக்கு நேரே வந்து இடது கையைத் தொட்டது, விழவில்லை. “புடிச்சிருக்குங்க!” என்று டாக்டர் சத்தம் போட்டார். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். நான் டாக்டரைக் கும்பிட்டபடியே நின்றேன், இறக்க மனமே வரவில்லை.

ஆனால் மார்பு உயரத்தில் பலகை இல்லையே. அதன்பிறகு வீடே பட்டறை ஆனது. கதவு நிலையில் ஒரு புல்லியை மாட்டிக் கயிறு கோத்துவிட்டார் என் வீட்டுக்காரர். இடது கை இழுத்தால் வலது கை ஏறும். சுவரில் விரல்களால் எறும்பு மாதிரி ஏறச் சொன்னாள் பிசியோதெரபிப் பெண். ஏறிய இடத்தில் எல்லாம் என் வீட்டுக்காரர் பென்சிலால் கோடு போட்டார். வெள்ளையடித்து ஒரு வருடம் ஆகாத சுவர். ஏப்ரலில் பெரியவர்கள் கும்பிடு வந்துவிட்டது. தெருவில் என்னைவிட மூத்தவர் யாரைப் பார்த்தாலும் நிறுத்திவைத்துக் கும்பிட்டேன். சிலர் எலெக்‌ஷனுக்கு நிற்கப் போகிறேனோ என்று சந்தேகப்பட்டார்கள்.

மே மாதம் கை நெற்றியோடு நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் அதற்கு மேலே இல்லை. மருதமலைக்குப் போனோம். சுற்றி நின்ற அத்தனை பேர் கையும் தலைக்கு மேலே போக, என் இடது கை மட்டும் உச்சிக்குப் போய் வலது கைக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. ‘எனக்கு முடிஞ்சது இவ்வளவுதான். மிச்சத்தை நீயே ஏத்திக்க’ என்று முருகனிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். வேண்டுதல் மாதிரி இல்லை, சண்டை மாதிரிதான் இருந்தது.

ஜூன் வந்தது. “முதல் நாள் பத்தாவதுல எழுதிப் பாருங்க டீச்சர், அப்புறம் பேசிக்கலாமுங்க” என்றார் தலைமையாசிரியை. நான் வகுப்புக்குள் போக, அவர் வாசலில் நின்றார்.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வழக்கமான ‘வணக்கம் டீச்சர்’ வரவில்லை. எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சரைக் கும்பிட்டால் டீச்சர் கை பிய்ந்துவிடும் என்று யார் அவர்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. பச்சை ஸ்டூல் மூலையில் துடைத்துத் தயாராக இருந்தது. ஸ்டூலைத் தொடாமல் பலகைப் பக்கம் திரும்பினேன்.

சாக்பீஸை எடுத்தேன். கை மார்பைத் தாண்டியது, முகத்தைத் தாண்டியது, நெற்றியில் வழக்கம்போல நின்றது. தோளுக்குள் சுரீர் என்றது. நீதிபோதனை என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். கோபம் வந்தது. கை மேலே போனது. பலகையின் உச்சியில், ஒரு வருடமாக நான் தொடாத இடத்தில், அன்றைய தேதியை எழுதினேன். எழுத்து கோணல்தான். பக்கத்தில் ‘கணக்கு’ என்றும் எழுதிவிட்டுக் கேட்டேன்.

“கடைசி பெஞ்சு, தெரியுதா?”

“தெரியுதுங்க டீச்சர்!”

பெஞ்சுகள் அதிர்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். வாசலில் தலைமையாசிரியை இல்லை, இனிப் பேச ஒன்றுமில்லை என்று போய்விட்டிருந்தார். பிள்ளைகள் இன்னும் கையைப் பின்னால்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கையை முன்னால எடுங்கடி” என்றேன். தயங்கித் தயங்கி எடுத்தார்கள், ஆனால் ஒருத்தியும் கும்பிடவில்லை. அதனால் நானே முதலில் கும்பிட்டேன், தலைக்கு மேலே, சாமிக்குப் போடுகிற உயரத்தில்.